கயிறு மாறும்போது

2024 அக்டோபர் 5ஆம் தேதி சிங்கப்பூர் கிராஞ்சியில் கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடி முடிந்தது. அதை நடத்திய குதிரைப் பந்தய மன்றம் 1842இல் தொடங்கியது. பேரர் பார்க் திடலில் ஓடி, 1933இல் புக்கித் தீமாவுக்குப் போய், அங்கிருந்து 1999இல் கிராஞ்சிக்கு வந்து, அங்கேயே நின்றுபோனது. நிலம் அரசாங்கத்துக்குத் திரும்புகிறது, வீடுகள் வரும். கிராஞ்சிக்கும் எங்கள் ஜோகூர் பாருவுக்கும் நடுவே இருப்பது நீரிணை ஒன்றுதான். ஆகவே, மூடப்போகிறார்கள் என்ற அறிவிப்பு 2023 ஜூனில் வந்ததுமே இந்தக் கரை லாயங்களில் புதுப் பேச்சு கிளம்பிவிட்டது. நல்ல ரத்தம், நான்கு வயது, ஐந்து வயது, கால் சுத்தம், வேகம்தான் போதவில்லை, நாம் கேட்கிற விலைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று. இந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு இரவில் புரண்டு படுத்தவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள் அல்ல. என்னைப் போல அறுபதைத் தாண்டியவர்கள்தாம்.

அறுபதைத் தாண்டியவன் நான்கு வயதுக் குதிரையை வாங்கலாமா? குதிரைக்காரர்களிடம் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். கூடாது. உங்களுக்கு வேண்டியது பன்னிரண்டு, பதினைந்து வயதான, உலகத்தைப் பார்த்து முடித்த, லாரி உறுமினாலும் காதை மட்டும் திருப்பிவிட்டுப் புல் மேய்கிற குதிரை. அது உங்களைப் பார்த்துக்கொள்ளும். நான்கு வயதுக் குதிரையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அறிவுரை சரியானதுதான். சரியான அறிவுரைகள் பலவற்றைப் போல, கேட்டவனின் ஆசை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அது விசாரிப்பதில்லை.

அந்த ஆசையைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம். ஜோகூரில் தமிழன் ஒருவன் குதிரைமேல் ஏறுவது எப்போது? குதிரை இங்கே அரண்மனைக்கு உரிய விஷயம். இப்போது நாட்டின் மாமன்னராக இருக்கும் சுல்தான் இப்ராஹிம் போலோ ஆடுபவர். அவருடைய மகன் துங்கு இஸ்மாயில் இந்திய இராணுவத்தில் பயிற்சி பெற்று, 2007 குடியரசு தின அணிவகுப்பில் இந்தியக் குதிரைப்படையின் ஓர் அணிக்குத் தலைமை தாங்கி டில்லி ராஜபாதையில் வந்தவர். அதைத் தொலைக்காட்சியில் பார்த்து இங்கே பெருமைப்பட்டவர்கள் உண்டு. அதற்குக் கீழே இறங்கினால், ரப்பர்த் தோட்டங்களின் பழைய நாட்களில் மட்டக்குதிரையில் ஏறி மரங்களுக்கு நடுவே ‘ரவுண்டு’ வந்தது வெள்ளைக்காரத் துரை. நம் ஆள் எங்கே இருந்தான்? மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குதிரை வண்டி ஓட்டினான், புல் அறுத்தான், சாணம் அள்ளினான். பாவியன் தீவுக்காரர்களோடு சேர்ந்து, குதிரையைப் பராமரிக்கும் சைஸ் வேலை பார்த்தான். குதிரையின் எல்லாப் பக்கத்திலும் நின்றிருக்கிறோம், முதுகு ஒன்றைத் தவிர.

முதுகில் ஏறும் பணம் வருவது எப்போது? ஊழியர் சேமநிதி கைக்கு வரும் ஐம்பத்தைந்தில். பிள்ளைகள் படித்து முடித்து, பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலைக்குப் போய், வீட்டில் ஒரு அறை காலியாகும்போது. அதாவது எலும்பு இளகத் தொடங்கும் நேரத்தில். ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ ‘வயதான சவாரிக்காரர்’ என்றால் ஏழு வயதில் மட்டக்குதிரையில் தொடங்கி, சேணத்திலேயே நரைத்தவர் என்று பொருள். நம்மில் அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நாம் நரைத்த பிறகு சேணத்துக்கு வந்தவர்கள். அங்கே எழுதப்படும் அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொள்ளும் முன் இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். அவர்களுக்குக் குறைந்துகொண்டே போவது உடம்பு ஒன்றுதான். கைக்கும் கால்முட்டிக்கும் தெரிந்தது போகாது. நமக்கு உடம்பும் குறைவு, தெரிந்ததும் குறைவு. ஆசை மட்டும் நாற்பது வருடமாக வட்டி சேர்ந்து நிற்கிறது.

அந்த ஆசை ஏன் குறிப்பாக இளங்குதிரை மேல் போகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் கொஞ்சம் வெட்கமானது. வயதான குதிரையின் வாயில் ஏற்கெனவே வேறு யாரோ ஒருவரின் கை இருக்கிறது. கடிவாளத்தை எப்படி வாங்கிக்கொள்வது, குதிகால் எங்கே பட்டால் நகர்வது, எதைக் கண்டு மிரள்வது என்பதையெல்லாம் அது இன்னொருவரிடம் கற்றுவிட்டது. நான் வெறும் பயணி. இளங்குதிரையிடம் அப்படி இல்லை. அது நல்லபடியாக வந்தால் என்னால் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். வாழ்க்கையின் கடைசிப் பாகத்தில் ஏதாவது ஒன்றை முதலிலிருந்து உருவாக்கிப் பார்க்கும் ஆசை இது. பேரப்பிள்ளைகளிடம் இதைச் செய்ய மருமகள் விடமாட்டாள்.

நம் கதைகளும் இந்த விஷயத்தில் கைகொடுப்பதில்லை. தமிழில் குதிரை அடக்கிய வீரன் என்றால் செஞ்சித் தேசிங்கு. டில்லி பாதுஷாவின் அடங்காத குதிரையை, தந்தையால் முடியாமற்போனதை, சிறுவனாகிய மகன் போய் அடக்கியதாகக் கதைப்பாடல் சொல்கிறது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி அவர் இறந்தபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார் என்பார்கள். இளங்குதிரை, இளைய வீரன், இளவயதுச் சாவு. அந்தக் கதையில் குதிரையை அடக்க முடியாமல் சிறையில் கிடக்கும் அப்பாவைப் பற்றி யாரும் பாடுவதில்லை. எனக்கு இப்போதெல்லாம் அவர்மேல்தான் கவனம் போகிறது.

வயது வந்த ஒருவர், பொறுப்பான உத்தியோகத்தில் இருப்பவர், பணப்பையோடு குதிரை வாங்கப் போகும் கதை ஒன்று நம்மிடம் உண்டு. அது மாணிக்கவாசகர் கதை. பாண்டியனின் அமைச்சர் அரசாங்கப் பணத்தோடு புறப்பட்டார். திருப்பெருந்துறையில் குருவைக் கண்டார். பணம் கோயிலுக்குப் போயிற்று. தமிழில் மிகவும் புகழ்பெற்ற குதிரை வியாபாரம் நடக்காத வியாபாரம்தான். பிறகு இறைவனே குதிரை வணிகனாக வேடம் போட்டு, நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்து ஒப்படைக்கிறான். பகலில் அரசன் பார்த்து மகிழ்கிறான். இரவில் அவை நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. திருவிளையாடற் புராணத்தில் பரஞ்சோதி முனிவர் இதைப் படலம் படலமாக விரிக்கிறார். அங்கே கயிறு மாறும் வழக்கம் வருகிறது. விற்கிறவன் கையிலிருந்து வாங்குகிறவன் கைக்குக் கயிறு போய்விட்டால், அதன் பிறகு குதிரைக்கு என்ன ஆனாலும் விற்றவன் பொறுப்பில்லை.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் குதிரை வாங்குகிறவனாக அந்தக் கதையைப் படித்தால் அதில் உள்ள தொழில் ஞானம் அசரவைக்கிறது. குதிரையைப் பகலில், விற்பவன் ஏற்பாடு செய்த நேரத்தில், அவன் ஆள் பிடித்து நிற்கும்போது பார்த்து வாங்கினான் பாண்டியன். இன்றும் அதே தவறு நடக்கிறது. காலையிலேயே அரைமணி நேரம் வட்டமாக ஓடவிட்டு, களைத்த குதிரையைக் காட்டுவார்கள். மயக்க மருந்து கொடுத்து அமைதியாக நிற்கவைத்த கதைகளும் உலகம் முழுக்க உண்டு. அதனால்தான் விவரமான கால்நடை மருத்துவர் வாங்குமுன் பரிசோதனையில் ரத்தமும் எடுத்து வைக்கிறார். காலை மடித்துப் பிடித்து, விட்டவுடன் ஓடவிட்டு நொண்டுகிறதா என்று பார்க்கிறார். கணுக்காலையும் முட்டியையும் எக்ஸ்ரே எடுக்கிறார். இதற்கெல்லாம் ஆகும் செலவை மிச்சம் பிடிப்பவர்கள் அரசாங்கப் பணத்தில் வாங்குகிறவர்களாக இருந்தால் மன்னிக்கலாம். சேமநிதிப் பணத்தில் வாங்குகிறவர்கள் ராத்திரி ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல், லாயத்துக்குப் போய்ப் பார்ப்பது நல்லது.

நான்கு வயது என்பதற்கு என்ன பொருள் என்று பல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம். முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதில் பால்பல் விழுந்து முளைக்கிறது. அடுத்த ஜோடி மூன்றரையில். ஓர ஜோடி நாலரையில். ஐந்து வயதில்தான் வாய் நிறைகிறது. பத்து வயதில் மேல் ஓரப்பல்லில் ஈறை ஒட்டி ஒரு பள்ளக்கோடு தெரியத் தொடங்கும். இருபதில் அது பல்லின் முனைவரை இறங்கியிருக்கும். பல்லில் எழுதாதது ஒன்று உண்டு. காலின் கீழ்ப்பகுதி எலும்புகள் சீக்கிரம் முதிர்ந்துவிடுகின்றன. முதுகெலும்போ முழுதாக முதிர ஐந்தரை, ஆறு வயதாகும். அதாவது நாம் எங்கே உட்கார்கிறோமோ அந்த இடம்தான் கடைசியில் தயாராகிறது. எண்பத்தைந்து கிலோ எடையுள்ள ஓய்வுபெற்ற மனிதர் நான்கு வயதுக் குதிரையின் முதுகில் வாரம் ஆறு நாள் உட்காரலாமா என்ற கேள்வி அவருடைய இடுப்பைப் பற்றியது மட்டும் அல்ல.

பந்தயத்திலிருந்து வரும் குதிரைக்கு இன்னொரு சிக்கல். அதற்கு எல்லாம் தெரியும், நமக்கு வேண்டியது மட்டும் தெரியாது. ஜாக்கியின் குட்டை அங்கவடி அதன் விலாவைத் தொடுவதில்லை. ஆகவே நீண்ட கால் ஒன்று பக்கவாட்டில் வந்து அழுத்தினால் அதற்குப் புரியாது. லகானை இறுக்கிப் பிடித்தால் நிற்கச் சொல்கிறார் என்று நாம் நினைப்போம். பிடியில் சாய்ந்துகொண்டு ஓடுவதுதான் அதன் வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது நிற்காது. பந்தய லாயத்தில் குதிரை நடந்துகொண்டே இருக்கும்போது ஜாக்கியின் காலைப் பிடித்து ஒருவர் தூக்கிவிட, அவர் காற்றுப்போல ஏறிவிடுவார். நமக்கோ ஏறுமேடை வேண்டும். மேடைமேல் நின்று மூச்சு வாங்க வேண்டும். இடது காலை அங்கவடியில் வைத்து, வலது காலைச் சுழற்றி, பின்பக்கம் இடிக்காமல் தாண்டி, மெதுவாக உட்கார வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் நேரத்தில் குதிரை ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். லாயத்தில் வாழ்நாளைக் கழித்த ஒருவரிடம் யோசனை கேட்டேன். “சார், அதோட ஓட்டத்த அப்புறம் பாப்போம். மொதல்ல நிக்குதான்னு பாருங்க. நிக்கத் தெரிஞ்ச குதிரையத்தான் ஒங்க வயசுக்கு வாங்கணும்” என்றார். “அதுக்கு நிக்கக் கத்துக்குடுக்க முடியாதாண்ணே?” என்று கேட்டேன். “முடியும். ஆறு மாசம் ஆவும். அது வரைக்கும் நீங்க ஏறக்கூடாது, அவ்வளவுதான்.”

இந்த ‘அது வரைக்கும் ஏறக்கூடாது’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இளங்குதிரையோடு செய்யும் வேலையில் பெரும்பகுதி தரையில் நின்று செய்வது. தலைக்கயிற்றைப் பிடித்து நடப்பது, நிற்பது, பின்னால் போகச் சொல்வது, குளம்பைத் தூக்க விடுவது, தண்ணீர்க் குழாயைக் கண்டு மிரளாமல் இருப்பது, பிளாஸ்டிக் பை பறந்தால் பார்த்துவிட்டு விட்டுவிடுவது. இதற்கு வேகமும் வலுவும் தேவையில்லை. பொறுமை தேவை, தினமும் அதே நேரத்துக்கு வருவது தேவை. இரண்டும் வேலைக்குப் போகும் இளைஞனிடம் இல்லை. ஓய்வுபெற்றவனிடம் கொட்டிக் கிடக்கின்றன. வயதானவனுக்கு இளங்குதிரை ஒத்துவராது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் சேணத்தை மட்டும் நினைத்துப் பேசுகிறார்கள். குதிரையின் நாளில் சேணம் ஏறுவது ஒரு மணி நேரம். மிச்சம் இருபத்து மூன்று மணி நேரத்தில் கிழவனுக்கு நிறைய வேலை இருக்கிறது.

பயம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறுபதுக்கு மேல் பயம் இல்லை என்பவன் பொய் சொல்கிறான். இடுப்பெலும்பு ஒருமுறை முறிந்தால் பழையபடி நடப்பது பலருக்குக் கைகூடுவதில்லை. 2009இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். குதிரைகளைச் சிலர் கையில் பிடித்தும், சிலர் மேலே ஏறியும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். மூன்று முறை போய் வந்த பிறகு, நான்காவது முறை பாதையோரம் ஒருவர் குடையை விரிக்கப்போகிறார் என்று மனிதரிடம் சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனால் மனிதரின் இதயத்துடிப்பு கூடியது; கூடவே குதிரையின் இதயத்துடிப்பும் கூடியது. குதிரைக்குக் குடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வயதான குதிரையாக இருந்தால் மேலே இருப்பவன் நடுங்குவதை, இதுவும் ஒரு கிறுக்கு என்று விட்டுவிடும் வாய்ப்பு உண்டு. நான்கு வயதுக் குதிரைக்கு நாம்தான் உலகச் செய்தி. நாம் பயந்தால் உலகம் பயங்கரமானது என்று அது முடிவு கட்டும். விழுந்தால் காற்று நிரம்பும் பாதுகாப்புச் சட்டை இப்போது கிடைக்கிறது. தலைக்கவசம் இல்லாமல் லாயத்துக்குள்ளேயே போகக் கூடாது. இரண்டும் எலும்பைக் காக்கும். நெஞ்சத் துடிப்பைக் குதிரையிடமிருந்து மறைக்க ஒன்றும் கிடைப்பதில்லை.

இதற்கு மறுபக்கமாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஜப்பானியர் ஹிரோஷி ஹொகேட்சுவை. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் தாண்டுப் போட்டியில் கலந்துகொண்டவர். அலுவலகம், குடும்பம், ஓய்வு என்று நாற்பது ஆண்டுகள் போன பிறகு ஜெர்மனியின் ஆகன் நகரில் போய்த் தங்கிப் பயிற்சி எடுத்தார். 2008இல் பெய்ஜிங்கில் அறுபத்தேழு வயதில், 2012இல் லண்டனில் எழுபத்தொன்றில் டிரசாஜ் போட்டியில் சவாரி செய்தார். இரண்டு இடத்திலும் அவரைச் சுமந்தது விஸ்பர் என்ற பெண்குதிரை. லண்டனில் அதற்குப் பதினைந்து வயது. அடுத்த ஒலிம்பிக்குக்கு வருவீர்களா என்று கேட்டபோது, தன் வயதைவிடக் குதிரையின் வயதுதான் தடை என்னும் பொருளில் பேசினார். கேட்பவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது வேடிக்கைப் பேச்சாகத் தெரியவில்லை. நன்றாகப் பழகிய ஒரு குதிரை முடிந்துபோனால் அடுத்ததை உருவாக்கப் பல வருடம் ஆகும். அந்தப் பல வருடம் கையில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. அதோடு, அவர் ஆகனில் இருந்தார் என்பதை இவரை உதாரணம் காட்டும் நம் நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள். பயிற்சியாளர், லாடம் அடிப்பவர், மருத்துவர், குளிர்ந்த காற்று, எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

நாம் இருப்பது ஜோகூரில். குதிரைக்கு இந்த ஊர் சொந்த ஊர் இல்லை. எங்கள் லாயங்களில் நிற்பவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. போலோக் குதிரைகளில் அர்ஜென்டினாவிலிருந்து வந்தவையும் உண்டு. பட்டினப்பாலை காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்திலும் குதிரை கடல் வழியாகத்தான் வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்த குறிப்பு ஒன்று எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அரபு வணிகர்களிடமிருந்து அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறான். ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை. இவர்களுக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை, லாடம் அடிப்பவரும் இல்லை, அப்படிப்பட்டவர்கள் வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்கிறார். எண்ணிக்கையில் அவர் கொஞ்சம் தாராளமானவர் என்று வைத்துக்கொண்டாலும், சொன்ன காரணம் வலுவானது. வாங்குவதற்குப் பொன் இருந்தது, வளர்ப்பதற்கு ஆள் இல்லை.

இங்கே குதிரைக்கு வரும் துன்பங்களில் எனக்கு மிகவும் பயமானது வியர்க்காமல் போவது. குளிர்நாட்டில் பிறந்த குதிரை இந்தப் புழுக்கத்தில் வியர்த்து வியர்த்து, ஒரு நாள் வியர்வையே நின்றுவிடும். தோல் உலர்ந்து கிடக்கும். மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு இரைக்கும். உடல் சூடு இறங்காது. இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆங்கிலக் குதிரைகளிடம் இதைக் கண்டு 1920களிலேயே எழுதியிருக்கிறார்கள். நிழல், மின்விசிறி, குளிர்ந்த நீர், விடியுமுன் சவாரி என்பவற்றைத் தாண்டி இதற்கு உறுதியான மருந்து இன்னும் இல்லை. முழுக்கக் குணமாக வேண்டுமானால் குளிரான இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பார்கள். அப்புறம் ஈ. ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் சுர்ரா நோயின் கிருமியை 1880இல் பஞ்சாபில் கிரிபித் எவன்ஸ் கண்டுபிடித்தார். மலேசியாவில் அது இன்றும் இருக்கிறது. 2020இல் தாய்லாந்தில் பூச்சி வழியாகப் பரவிய ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளைநோயில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தன. அப்போது இந்தப் பக்கத்து லாயங்களில் கொசுவலைத் துணி மீட்டர் கணக்கில் விற்றது. மழை நாட்களில் குளம்பின் அடிப்பக்கம் அழுகும். தினமும் இருவேளை தூக்கிச் சுரண்டிக் காயவைக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம். கப்பலில் வரும் வைக்கோலுக்கு வெளிநாட்டு விலை. நம் வெள்ளி இறங்கினால் அது ஏறும். ஒரு குதிரையின் விலையைச் சேமநிதியில் கொடுத்துவிடலாம். அதன் இருபது வருடச் சோற்றை ஓய்வூதியத்தில் கொடுக்க முடியுமா என்று மனைவி கேட்பாள். கேட்க வேண்டிய கேள்விதான்.

நிலமும் குறைகிறது. கூலாயிலும் செடெனாக்கிலும் செம்பனை வெட்டிய இடத்தில் தரவு மையங்கள் எழுகின்றன. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் காலை ஆறரைக்கு, பனி விலகுமுன், குதிரையை நடக்கவிட்டுப் போவது இந்த மாநிலத்தின் பெரிய சுகங்களில் ஒன்று. அது எத்தனை காலத்துக்கு என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். சென்னையிலும் கிண்டிப் பந்தயத் திடலின் குத்தகையைத் தமிழ்நாடு அரசு ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது அதே 2024இல்தான். பந்தயம் போவது பற்றி எனக்குத் துக்கம் இல்லை. சூதாட்டத்தில் வீடு இழந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். பந்தயத்தோடு லாடம் அடிப்பவரும் குதிரை மருத்துவரும் அனுபவப்பட்ட சைஸும் போய்விடுவார்களே என்பதுதான் கவலை. மார்க்கோ போலோ சொன்ன இடத்துக்கு வேறு பாதையில் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

இத்தனைக்கும் பிறகு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நல்ல பராமரிப்பில் குதிரை இருபத்தைந்து, முப்பது வருடம் வாழும். எனக்கு அறுபத்திரண்டு, அதற்கு நான்கு. அது எட்டு வயதில் முழுத் திறமைக்கு வரும்போது எனக்கு அறுபத்தாறு. அது பதினெட்டைத் தொடும்போது நான் எழுபத்தாறு. ஏறுமேடைமேல் ஏற எனக்கே இன்னொரு மேடை வேண்டியிருக்கும். இருபத்தைந்து வயதில் பல் தேய்ந்து, ஊறவைத்த தீவனம் தின்னும் நாளில் அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? பெரும்பாலும் நான் அல்ல. ஆக, அறுபதில் நான்கு வயதுக் குதிரையை வாங்குகிறவன், தனக்காக வாங்குவதாக எவ்வளவு நினைத்தாலும், அதன் வாழ்நாளில் பாதியை முகம் தெரியாத யாருக்கோ வாங்குகிறான். பதினைந்து வயதுக் குதிரை வாங்கினால் இந்தக் கணக்கு வராது. இருவரும் ஏறக்குறைய ஒன்றாக முடிந்துவிடலாம். பத்திரமான வழி அதுதான். ஆனால் எல்லாக் கிழவர்களும் பதினைந்து வயதுக் குதிரையையே கேட்டால் நான்கு வயதுக் குதிரைகளைப் பதினைந்துவரை யார் கொண்டுவருவது?

எனவே என் தீர்ப்பு: வாங்கலாம், தனியாக வாங்கக் கூடாது. கயிறு என் கைக்கு வரும் அன்றே அடுத்த கை யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊரில் சவாரி நன்றாகத் தெரிந்து, சொந்தக் குதிரைக்குப் பணம் இல்லாத இருபது வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். போலோ லாயங்களில் விடியற்காலை குதிரைகளை ஓட்டிச் சூடேற்றும் பையன்கள் இருக்கிறார்கள். சைஸ்களின் பிள்ளைகளும் அதில் உண்டு. நாற்பது நிமிடம் துள்ளுநடையில் உட்கார அவர்களுக்கு இடுப்பு இருக்கிறது. எனக்கு நேரமும் பணமும் இருக்கிறது. மேலே அவர்கள், தரையில் நான். ஒரு வருடமோ இரண்டு வருடமோ போய், குதிரை நிற்கக் கற்றுக்கொண்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள் நான் ஏறிக்கொள்கிறேன். சவாரிப் பள்ளிகளில் பங்குச் சவாரி என்று ஓர் ஏற்பாடு ஏற்கெனவே நடக்கிறது. அதைச் செலவைப் பிரிக்கும் உபாயமாக மட்டும் பார்க்கிறார்கள். குதிரையின் பிற்காலத்துக்கான உயில் போல அதை எழுதிவைக்கலாம்.

வாய்ச்சொல்லாக விடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சொந்தக்காரர் படுத்த படுக்கையான பிறகு லாய வாடகை நின்று, குடும்பத்தாருக்கு அந்தக் குதிரையின் பெயர்கூடத் தெரியாமல், கிடைத்த விலைக்குக் கைமாறிப் போன குதிரைகளைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் ஒரு கதையாவது சொல்வார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. மகளுக்குக் குதிரை என்றால் அலர்ஜி, மகன் மெல்பர்னில்.

கிராஞ்சியிலிருந்து வந்த பேச்சு இன்னும் ஓயவில்லை. உங்களில் யாராவது நான்கு வயதுக் குதிரை ஒன்றின் புகைப்படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ராத்திரியில் பார்த்துக்கொண்டிருந்தால், மருத்துவரைக் கூப்பிடுவதற்கு முன் இந்த ஒன்றைச் செய்யுங்கள். உங்களுக்குப் பிறகு அதை வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் இளையவர் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அவரையும் அழைத்துக்கொண்டு போய்க் குதிரையைப் பாருங்கள். அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால் பதினைந்து வயதுக் குதிரை ஒன்றை வாங்குங்கள்.